வடிச்சல் நீரில் வாடும் செடிகள் மீளுமா: தம்பலகாமத்தில் செய்து பார்த்த களைநாசினிப் பரிசோதனை

கந்தளாய்க் குளத்திலிருந்து திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்து வயல்களுக்கு வருகின்ற நீர், வரவைக்கு வரவை, அதாவது ஒரு வயல்துண்டிலிருந்து அடுத்ததற்கு இறங்கி, மிஞ்சியது வடிச்சல் வாய்க்கால்களில் சேர்ந்து தம்பலகாமக் குடாவை நோக்கி ஓடுகிறது. அந்த வடிச்சல்கள் அகன்று மடுக்களாகத் தேங்குகின்ற இடங்களில் தாமரையும் அல்லியும் வள்ளையும் ஐதரில்லாவும் வளர்கின்றன. சிறுபோகத்தில் வயலுக்குக் களைநாசினி மருந்து அடித்த பின்வரும் வாரங்களில் இவற்றுள் சில மஞ்சளித்து நிற்பதையும், சில அடியோடு மறைந்துவிடுவதையும், சில ஒன்றுமே நடவாததுபோல் தழைத்து நிற்பதையும் எங்கள் பகுதியில் எவரும் பார்க்கலாம். எந்த மருந்து எந்தச் செடியைத் தாக்குகிறது, தாக்குண்ட செடி நல்ல நீர் கிடைத்தால் மீளுமா, மீளுமானால் அதன் எந்தப் பகுதியிலிருந்து மீள்கிறது என்ற கேள்விகளுக்கு வீட்டு வளவிலேயே விடை தேடிப் பார்த்ததன் பதிவு இது. பிறரும் தங்கள் ஊரில் செய்து பார்க்கக்கூடிய வகையில் அளவுகளையும் கணக்குகளையும் கூடியவரை முழுமையாகத் தந்திருக்கிறேன்.

இந்தச் செடிகளைப் பற்றி ஏன் இவ்வளவு அக்கறை என்று சிலர் கேட்டார்கள். வடிச்சலில் வருகின்ற சேற்றையும் பசளையையும் குடாவுக்குப் போகுமுன் பிடித்து வைப்பவை இவைதாம். விராலும் கெளிறும் குஞ்சு பொரித்து ஒதுங்குவது இவற்றின் அடியில்தான். கோயிலுக்குப் பூவும் கறிக்குக் கீரையும் இங்கிருந்தே பறிக்கிறார்கள். மருந்து அடித்த வயலின் வடிச்சலில் அந்தப் போகத்தில் கீரை பறிக்க வேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செடி பச்சையாக இருப்பதை வைத்து அது மருந்தை உள்வாங்கவில்லை என்று முடிவுசெய்ய முடியாது.

செடிகளைத் தெரிவுசெய்தது

முதலாவது செடி லெம்னா. குளத்து நீரின் மேல் சிறு பச்சைத் தட்டுகளாகப் படர்ந்திருக்கும், எல்லாரும் பொதுவாகப் பாசி என்று சொல்லிக் கடந்துபோகின்ற செடி இது. உண்மையில் இது பாசியன்று, பூக்கின்ற தாவரம். கைவில்லையில் பார்த்தால் ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒரேயொரு வேர் நூல்போலத் தொங்குவது தெரியும். அதே நீரில் கலந்திருக்கும் சற்றுப் பெரிய தட்டுகளில் வேர்கள் கொத்தாக இருக்கும், தட்டின் அடிப்புறமும் சிவந்திருக்கும். அது ஸ்பைரோடெலா. ரவையளவில் வேரே இல்லாமல் மிதப்பது வூல்ஃபியா. இம்மூன்றையும் கலந்து எண்ணினால் கணக்கு பிழைத்துவிடும் என்பதால், ஈர்க்கின் நுனியால் லெம்னாவை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

களைநாசினிகள் நீர்த்தாவரங்களுக்கு எவ்வளவு கேடு செய்கின்றன என்று உலகெங்கும் ஆய்வுகூடங்களில் சோதிப்பதும் லெம்னாவை வைத்துத்தான். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு வெளியிட்ட 221 ஆம் இலக்க வழிகாட்டி இதற்கென்றே இருக்கிறது. ஏழு நாட்கள் மருந்து நீரில் வளர்த்துத் தட்டுகளை எண்ணுவதே அதன் சாரம். மருந்தில்லாத பாத்திரத்தில் தட்டுகளின் எண்ணிக்கை இரண்டரை நாளுக்குள் இரட்டிக்க வேண்டும் என்ற விதி அதில் உள்ளது. அதாவது 12 தட்டுகளோடு தொடங்கினால் ஏழாம் நாளில் ஏறத்தாழ 84 இருக்க வேண்டும். அது நடக்காவிட்டால் பரிசோதனையே செல்லாது. வீட்டில் செய்பவர்களும் இந்த ஒரு விதியையாவது விடாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல நீரிலேயே செடி வளராதபோது மருந்தின்மேல் பழிபோட முடியாது.

லெம்னா மட்டும் போதாது. அது ஒருவித்திலைத் தாவரம். நெல்லும் ஒருவித்திலைத் தாவரம். எம்.சி.பி.ஏ. போன்ற களைநாசினிகள் நெல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளைக் கொல்வது, அவை பெரும்பாலும் இருவித்திலைத் தாவரங்களையே கடுமையாகத் தாக்குகின்ற காரணத்தால்தான். எனவே லெம்னாவை மட்டும் பார்த்து இந்த நீர் பாதகமில்லை என்று சொன்னால், இருவித்திலைச் செடிகளைப் பற்றி ஒன்றுமே சொல்லாதவர்களாவோம். ஆய்வாளர்களும் இதை உணர்ந்துதான் 2014 இல் மிரியோஃபில்லம் என்ற இருவித்திலை நீர்ச்செடியை வைத்துச் செய்யும் சோதனைகளுக்கு 238, 239 ஆம் இலக்க வழிகாட்டிகளைச் சேர்த்தார்கள். எனக்குக் கிடைத்த இருவித்திலைச் செடி வள்ளை, சந்தையில் கங்குன் என்று கட்டாக விற்கிறார்களே, அதுதான். மூன்று கணு உள்ள துண்டை நீரில் போட்டால் சில நாட்களிலேயே கணுவில் வெள்ளை வேர் விடும் என்பதால், வேரின் நீளத்தைக் கோலால் அளக்க இதைவிட வசதியான செடி இல்லை. மூன்றாவதாக ஐதரில்லாவை எடுத்துக்கொண்டேன். ஒளித்தொகுப்புப் பாடத்தில் புனலைக் கவிழ்த்துக் குமிழி எண்ணுவோமே, அந்தச் செடிதான். தாமரையைப் பேசினில் வளர்ப்பது சரிவராததால், அதை ஒரு சீமெந்துத் தொட்டியில் சேற்றோடு வைத்துத் தனியாகப் பார்த்தேன்.

நீரும் நிழலும் நுளம்பு வலையும்

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் சில கோடையில் உவர்த்துப்போகும். உப்பு தானாகவே லெம்னாவை மந்தமாக்கிவிடும் என்பதால், கிணற்று நீரைத் தவிர்த்துத் தாங்கியில் பிடித்து வைத்திருந்த மழைநீரைப் பயன்படுத்தினேன். வெறும் மழைநீரில் சத்தில்லை. ஒரு வாளி நீரில் மருந்து படாத மேட்டுநிலத் தோட்ட மண்ணை இரண்டு கைப்பிடி போட்டுக் கலக்கி, ஒரு நாள் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடித்து, அந்தத் தெளிவை மழைநீரோடு சேர்த்து, மரக்கறித் தோட்டத்துக்குப் போடும் கலப்புப் பசளையில் ஒரு சிட்டிகை கரைத்துவிட்டேன். பசளை கூடினால் பேசினின் சுவரில் உண்மையான பாசி பிடித்து, லெம்னாவோடு போட்டி போடும்.

சிறுபோகக் காலத்தில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் நிழலில்கூட நீர் சூடேறி விரைவாக வற்றும். நீர் வற்றினால் மருந்தின் செறிவு கூடும். ஆகையால் வெள்ளைப் பேசின்களின் உட்புறத்தில் நீர்மட்டத்துக்கு அழியாத மையால் கோடு போட்டு, காலையில் கோடு வரைக்கும் மழைநீர் விட்டேன். பேசின்களைக் கிடுகுக் கொட்டிலின் கிழக்குப் புறத்தில், காலை வெயில் மட்டும் படும்படி வரிசையாக வைத்தேன். வெள்ளை நிறம் முக்கியம். மேலிருந்து கைபேசியில் படம் எடுத்துவிட்டால், பிறகு ஆறுதலாக இருந்து தட்டுகளை எண்ணலாம்.

திறந்த பாத்திரங்களில் நீர் நிற்கவிடுவது இந்த மாவட்டத்தில் இலேசான காரியமன்று. 2017 இல் கிண்ணியாவை டெங்கு எப்படி வாட்டியது என்பதை இங்குள்ளவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பேசினுக்குள் சிறு மீன்களை விடலாமே என்று சொன்னார்கள். மீன் லெம்னாவைக் கொறிக்கும், அதன் கழிவு நீரின் சத்தை மாற்றும், மருந்து மீனையும் வருத்தும். அதனால் ஒவ்வொரு பேசினையும் நெருங்கிய கண்ணுள்ள நுளம்பு வலையால் மூடி, விளிம்பை இறப்பர் பட்டியால் இறுக்கினேன். மருந்தில்லாத பேசினுக்கும் அதே வலையே போடப்பட்டது.

மருந்தின் அளவு

வயலில் அடிக்கிற மருந்து நீரில் எவ்வளவு இருக்கும் என்பதைக் கணக்குப் பார்க்காமல், கண்மதிப்பில் நாலு சொட்டு விட்டுச் செடி செத்துவிட்டது என்று காட்டுவதில் பயனில்லை. பிஸ்பைரிபாக் சோடியம் என்ற நெல்வயல் களைநாசினி நூறு மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராம் உள்ள போத்தலில் வருகிறது. ஏக்கருக்கு 100 மில்லிலீற்றர் அடித்தால் அந்த ஏக்கரில் விழுவது பத்துக் கிராம் மருந்து. ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். அதில் பத்துச் சென்ரிமீற்றர் நீர் நின்றால் ஏறக்குறைய நான்கு இலட்சம் லீற்றர். பத்துக் கிராமையும் அந்த நீரில் கரைத்தால் லீற்றருக்கு 25 மைக்ரோகிராம் வரும். அடித்ததில் ஒரு பகுதி இலையிலும் மண்ணிலும் தங்கிவிடும் என்பதால், நீரில் சேரக்கூடிய உச்ச அளவாகவே இதைக் கொள்ள வேண்டும். ஆகவே ஒரு பேசினில் 25 மைக்ரோகிராமும், வடிச்சலில் கலந்து ஐதாகிய நிலையைக் காட்ட இன்னொன்றில் அதன் பத்திலொரு பங்கும் வைத்தேன்.

இவ்வளவு சிறிய அளவை வீட்டில் அளக்கத் தராசு தேவையில்லை, படிப்படியாக ஐதாக்கினால் போதும். ஊசி போடும் சிரிஞ்சினால் ஒரு மில்லிலீற்றர் மருந்தை எடுத்து ஒரு லீற்றர் ஆக்கினால் அது லீற்றருக்கு 100 மில்லிகிராம். அதில் பத்து மில்லிலீற்றரை எடுத்து மறுபடி ஒரு லீற்றர் ஆக்கினால் ஒரு மில்லிகிராம். அதிலிருந்து 25 மில்லிலீற்றரை ஒரு லீற்றராக்கினால் வேண்டிய 25 மைக்ரோகிராம் கிடைக்கும். எம்.சி.பி.ஏ. லீற்றருக்கு 600 கிராம் செறிவில் இருப்பதால், ஆயிரத்தில் ஒன்றாக இருமுறை ஐதாக்கினால் 0.6 மில்லிகிராம் வரும். இது ஏக்கருக்கு 400 மில்லிலீற்றர் அளவில் அடித்து, பத்துச் சென்ரிமீற்றர் நீர் கட்டியதற்குச் சமம். களை முளைக்குமுன் அடிக்கும் பிரெட்டிலாக்குளோர் என்ற மருந்தையும் அதே 0.6 மில்லிகிராமில் வைத்தேன். ஒவ்வொரு மருந்துக்கும் தனிச் சிரிஞ்சு, தனிப் போத்தல், கைக்கு இறப்பர் உறை. மிகுந்த முதல் கரைசல்களைத் தெளிகருவித் தொட்டியிலேயே சேர்த்து, அந்தந்த மருந்து தேவைப்பட்ட வயலுக்கே அடித்துவிட்டோம். கிணற்றடியிலோ வடிச்சலிலோ ஒரு துளியும் ஊற்றவில்லை.

கண்டவை

பிஸ்பைரிபாக் பேசினில் முதல் இரண்டு நாட்களும் எந்த மாற்றமும் இல்லை. தட்டுகள் பச்சையாகவே இருந்தன, புதிய தட்டுகளும் வந்தன. அதன் பிறகு எண்ணிக்கை ஏறுவது நின்றுவிட்டது. நல்ல நீர்ப் பேசினில் தட்டுகள் மேற்பரப்பை மூடிக்கொண்டு போகையில், இதில் கடைசியாகப் பிறந்த தட்டுகள் தாய்த்தட்டில் பாதியளவுகூட இல்லாமல், வெளிறிய மஞ்சளாய், தாயை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டு நின்றன. வேர்கள் கட்டையாகிக் கழன்று அடியில் கிடந்தன. வள்ளையின் கொழுந்து நீள்வதை நிறுத்தி, நுனியிலை மஞ்சளித்தது. கீழிலைகள் மட்டும் பச்சை குன்றாமல் இருந்தன.

இந்த மருந்து வேலைசெய்கிற விதம் தெரிந்தால் இந்தத் தாமதத்தின் காரணமும் விளங்கும். வலீன், லூசீன், ஐசோலூசீன் என்ற மூன்று அமினோ அமிலங்களைத் தாவரம் ஆக்குவதற்குத் தேவையான நொதியத்தை அது முடக்குகிறது. கையிருப்பில் உள்ள அமினோ அமிலம் தீரும் வரைக்கும் வளர்ச்சி நடக்கும், தீர்ந்ததும் புதிய புரதம் ஆக்க முடியாமல் வளர்நுனி முதலில் நிற்கும். பழைய இலைகளில் ஒளித்தொகுப்பு தொடர்ந்து நடக்கிறது என்பதைப் பார்க்க, அதே நீரில் இருந்த ஐதரில்லாவின் தண்டை வெட்டி வெயிலில் வைத்தேன். வெட்டு வாயிலிருந்து குமிழிகள் நல்ல நீரில் இருந்த செடியைப் போலவே கோவையாக எழும்பிக்கொண்டிருந்தன, ஆனால் அந்தச் செடியின் நுனி பல நாட்களாக ஒரு நூலளவும் நீளவில்லை. டையூரோன், அத்திரசீன் போன்ற வேறொரு வகை மருந்துகளானால் கதை தலைகீழாக இருக்கும். அவை ஒளித்தொகுப்பின் இலத்திரன் ஓட்டத்தையே மறிப்பவை, எனவே குமிழிதான் முதலில் நிற்கும். அந்த மறிப்பு மீளக்கூடியது என்பதால், நல்ல நீருக்கு மாற்றினால் லெம்னா விரைவாகத் தேறிவிடும்.

எம்.சி.பி.ஏ. பேசினை லெம்னாவை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் பெரிய கேடில்லை என்றே எழுதியிருப்பேன். வளர்ச்சி சற்று மந்தமானதே தவிர நிறம் மாறவில்லை. அதே பேசினின் வள்ளையோ மறுநாளே முறுகத் தொடங்கியது. இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து, தண்டு திருகி, கணுவிலிருந்து வரவேண்டிய நீண்ட வெள்ளை வேர்களுக்குப் பதிலாகத் தடித்த சிறு முளைகள் நெருக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றன. கைவில்லையில் அந்த முளைகளில் வேர்த்தூவிகளே தெரியவில்லை. எம்.சி.பி.ஏ. தாவரத்தின் ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனைப் போல நடிப்பது. செடி தன்னைத்தானே அளவுமீறி வளர்க்க முயன்று குலைந்துபோகிறது. வேரைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேடு பாதிதான் தெரியும்.

பிரெட்டிலாக்குளோர் புதிய உயிரணுக்களின் மென்சவ்வுக்கும் மெழுகுக்கும் தேவையான மிக நீண்ட கொழுப்பமிலங்களை ஆக்கவிடாமல் தடுப்பது. பழைய தட்டுகள் கரும்பச்சையாக இருக்க, புதியவை சுருங்கி, விளிம்பு மடிந்து, கொத்தாக ஒட்டிக்கொண்டன.

நல்ல நீருக்கு மாற்றிய பிறகு

ஏழாம் நாள் முடிவில் ஒவ்வொரு பேசினிலிருந்தும் செடிகளை எடுத்து, மழைநீரில் மூன்றுமுறை அலசி, மருந்தில்லாத புதிய நீரில் விட்டேன். இந்த முயற்சியில் நான் மிகவும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்த கட்டம் இதுதான். மருந்தின் கேட்டைச் சொல்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், மீட்சியைப் பொறுமையாக இருந்து பார்த்தவர்கள் குறைவு. செடியைக் கொல்லும் செறிவு ஒன்று, கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் நிறுத்தி வைக்கும் செறிவு வேறொன்று. ஏழாம் நாள் எண்ணிக்கையில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நல்ல நீரில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு வெளிப்படும்.

பிஸ்பைரிபாக்கின் குறைந்த செறிவில் இருந்த லெம்னா, இடைவெளி என்று சொல்லத்தக்க எதுவுமில்லாமல் பெருகத் தொடங்கியது. 25 மைக்ரோகிராமில் இருந்தது அப்படியன்று. மாற்றிய பின் பல நாட்கள் ஒன்றுமே நடக்கவில்லை. மஞ்சளித்த தட்டுகள் ஒவ்வொன்றாக வெளுத்து, கண்ணாடிபோல் ஆகின. லெம்னாவின் தட்டில் காம்புப் புறத்துக்கு அருகே இருபுறமும் இரு சிறு பைகள் இருக்கின்றன, மகள் தட்டுகள் உருவாவது அங்கேதான். வெளுத்த தட்டுகளைக் கைவில்லையில் பார்த்துக்கொண்டு வந்தபோது, அந்தப் பையின் வாயில் குண்டூசித் தலையிலும் சிறிய ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. தாய்த்தட்டு முற்றாகச் செத்த பின்னரும் அந்தப் புள்ளி வளர்ந்து, பிரிந்து, வேர்விட்டு, முழுத் தட்டாயிற்று. எல்லாத் தட்டுகளிலும் இது நடக்கவில்லை. ஆனால் நடந்த சிலவற்றிலிருந்தே பேசின் மறுபடி நிறைந்தது. ஆகவே வெளுத்த லெம்னாவைப் பார்த்து இறந்துவிட்டது என்று கொட்டிவிடக்கூடாது, வளர்நுனி உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி.

வள்ளையிலும் இதே நியாயம்தான். பிஸ்பைரிபாக் பட்ட கொழுந்து திரும்பவில்லை, அதற்குக் கீழுள்ள கணுக்களில் உறங்கிக்கொண்டிருந்த பக்க மொட்டுகள் முளைத்தன. எம்.சி.பி.ஏ. பட்ட துண்டுகளில் பெரும்பாலானவை தண்டு வெடித்து அழுகிப்போயின, மீந்தவை அடிக்கணுவிலிருந்து மட்டும் துளிர்த்தன. கணு அதிகமுள்ள நீண்ட கொடி ஒன்று வடிச்சலில் வேரூன்றி நின்றால் அது தப்பும், புதிதாக முளைத்த இளஞ்செடி தப்பாது என்று இதிலிருந்து கொள்ளலாம். பிரெட்டிலாக்குளோர் பட்ட லெம்னாவில் மாற்றிய பின் பிறந்த முதல் தலைமுறைத் தட்டுகளும் மடிந்தே இருந்தன, அவற்றின் மக்கள்தான் ஒழுங்கான வடிவத்தில் வந்தன.

தாமரையும் கிளைபோசேட்டும்

கிளைபோசேட்டை வேறு விதமாகச் சோதிக்க வேண்டியிருந்தது. 2015 இல் இதன் இறக்குமதி இலங்கையில் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதி வந்து, பின்னர் தடை நீங்கியது. இப்போது வரம்புப் புல்லுக்கு அடிக்கிறார்கள், வரம்பு முடிகிற இடத்தில் மடு தொடங்குகிறது. இந்த மருந்து களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்வது. கலங்கல் நீரில் விழுந்தால் பெரும்பகுதி சேற்றில் பிணைந்து செயலிழந்துவிடும் என்பதால், நீருக்கடியில் உள்ள ஐதரில்லாவுக்கு அதனால் வரும் ஆபத்து குறைவு. ஆனால் இலை நீருக்கு மேலே நிற்கும் செடிகளின் நிலைமை வேறு.

தாமரை இலையில் வெறும் நீர்த்துளி ஒட்டாது என்பது யாவரும் அறிந்ததே. தொட்டியில் இருந்த தாமரையின் ஓர் இலையில் வெறும் நீரையும், இன்னோர் இலையில் கடையில் விற்கும் மருந்தை வயலுக்கு அடிக்கும் அளவில் கலந்த நீரையும் துளித்துளியாக விட்டேன். வெறும் நீர் உருண்டு ஓடிவிட்டது. மருந்து நீர் படிந்து, பரந்து, இலையின் மெழுகுப் பொடி போன இடம் ஈரமாகக் கறுத்தது. மருந்தோடு சேர்த்திருக்கும் ஒட்டுப்பசையின் வேலை அது. சில உற்பத்திகளில் சேர்க்கப்படும் அந்தப் பரப்புப்பொருள் தவளைக் குஞ்சுகளுக்கு மருந்தைவிடக் கேடானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மருந்து பட்ட இலை ஒரு வாரத்துக்குப் பிறகே மஞ்சளித்தது. ஆனால் மருந்து அந்த இலையோடு நிற்கவில்லை. காம்பு வழியாகக் கிழங்குக்கு இறங்கி, அடுத்து வந்த இலைகள் கைப்பிடியளவுகூட விரியாமல், வெளிறிக் கோணலாக வந்தன. கிழங்கின் தூரத்துக் கணுவிலிருந்து நல்ல இலை எழும்புவதற்கு அதிக காலம் எடுத்தது. தாமரையை நான் நால்வகைச் செடிகளிலும் மிக மெதுவாக மீள்வதாகக் கண்டேன்.

மடுவில் பார்த்தது

பேசினில் மீள்வதெல்லாம் வடிச்சலில் மீளும் என்று சொல்ல முடியாது. பேசினில் நான் நல்ல நீருக்கு மாற்றினேன், வடிச்சலில் ஒரு வயல் விட்ட நீர் போவதற்குள் அடுத்த வயலின் நீர் வந்து சேர்கிறது. மீளும் செடிக்கு வேண்டிய ஓய்வு அங்கே கிடைப்பதில்லை. இன்னொன்று, செத்த செடிகள் அழுகும்போது நீரின் ஒட்சிசனைக் குடித்துவிடுகின்றன. மீன் விடியற்காலையில் மேலே வந்து வாய் திறப்பதற்கு மருந்துதான் நேரடிக் காரணம் என்று நினைக்கிறோம், அழுகுகின்ற செடியும் காரணமாக இருக்கக்கூடும். மூன்றாவது, வெறிதான இடத்தை முதலில் பிடிப்பது தாமரையன்று. ஆற்றுவாழையும் சல்வீனியாவும்தான் முதலில் வந்து மூடுகின்றன. சல்வீனியா 1939 இல் நாட்டுக்குள் வந்தது. அதைத் தின்னும் சிறு வண்டை 1986 இல் கொண்டுவந்து விட வேண்டிய அளவுக்கு அது பரவியது. அவை மேற்பரப்பை மூடிவிட்டால் அடியிலிருந்து துளிர்க்கும் ஐதரில்லாவுக்கு வெளிச்சம் கிடையாது.

ஆகவே வயல்வாயில் செய்யக்கூடியது என்ன என்று வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பில் உள்ள எங்கள் வட்டவிதானையாரிடம் கேட்டேன். பேசின்களை வந்து பார்த்தவர் சொன்னார்: "தம்பி, மருந்து அடிக்க முன்னம் தண்ணியை வடிய விடுறதில பிழையில்லை, அது நல்ல தண்ணி. அடிச்சுப்போட்டு மூண்டாம் நாள் தண்ணி கட்டேக்குள்ள வக்கடையால வழிய விடுறாங்கள், அதிலதான் எல்லாம் போகுது." வக்கடை என்பது வரம்பில் நீர் பாய விடும் வெட்டுவாய். அவர் சொன்னது முற்றிலும் சரி. இலையில் மருந்து படுவதற்காக முதலில் நீரை வடிக்கிறார்கள். பிறகு கட்டுகிற நீர்தான் மண்ணிலும் புல்லிலும் தங்கிய மருந்தைக் கரைத்தெடுக்கிறது. அந்த நீரை வயலுக்குள்ளேயே நிறுத்திவிட்டால், வெயிலும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும் அதைச் சிதைக்க அவகாசம் கிடைக்கும், மருந்தும் களைமேல் முழுதாக வேலைசெய்யும். ஜப்பானில் களைநாசினி போட்ட பின் ஏழு நாட்களுக்கு வயல் நீரை வெளியே விடக்கூடாது என்பது நடைமுறை. கலிபோர்னியாவில் 1980 களில் நெல்வயல் மருந்து வடிகால்களில் கலந்து மீன்கள் செத்த பிறகு, சில மருந்துகளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வரை நீரை மறித்து வைக்கும் விதி வந்தது.

எங்கள் மடுவுக்கு வடிகின்ற சில வயல்களின் வக்கடைகளில் மண் போட்டு அடைப்பதற்குப் பதிலாகப் பலகை செருகினோம். பலகையின் மேல்விளிம்பை நிறுத்த விரும்பும் நீர்மட்டத்தைவிட நாலு விரல் உயரமாக வைத்தோம், திடீரென்று ஒரு மழை பெய்தாலும் வழியக்கூடாது என்பதற்காக. பலகையின் இரு ஓரத்திலும் களியை மிதித்து இறுக்க வேண்டும், நண்டு துளைத்தால் இரவோடிரவாக நீர் போய்விடும். மருந்து அடித்த பிறகு நீர் கட்டிய நாளிலிருந்து ஒரு வாரம் பலகையைக் கழற்றாமல் விட உடன்பட்டவர்களின் வயல்களுக்குக் கீழே, வள்ளையின் கணுக்களில் வேர்கள் நீளமாகவும் தூவியோடும் இருந்தன. உடன்படாதவர்களின் பக்கத்து வடிச்சலில் அதே வாரத்தில் எடுத்த கொடிகளில் பேசினில் கண்ட அதே தடித்த முளைகள் இருந்தன. வடிச்சல் நீரை ஒரு போத்தலில் எடுத்து, நல்ல வள்ளைத் துண்டொன்றை அதில் வைத்து, வேர் வரும் விதத்தைப் பார்ப்பது ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் போதுமான அறிகுறி. பக்கத்தில் மழைநீர்ப் போத்தல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

மறுபடி நடுவதற்கு விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தாமரைக் கிழங்கை மருந்து படாத மடுவிலிருந்தே எடுக்க வேண்டும். முன்நுனி முறியாமல் குறைந்தது இரண்டு கணு இருக்கும்படி வெட்டி, முழங்காலுக்குக் குறைந்த ஆழத்தில், நுனி சற்று மேலே தெரியச் சேற்றில் கிடையாகப் பதித்து, மிதக்காமல் இருக்க ஒரு செங்கல் துண்டை மேலே வைக்கலாம். பெரும்போக மழையில் வடிச்சல் வேகம் எடுப்பதற்கு முன் அது வேர் கொண்டுவிட வேண்டும். ஐதரில்லாவை நட வேண்டியதில்லை. அதன் சிறு கிழங்குகள் சேற்றுக்குள் நீண்ட காலம் உயிரோடு கிடக்கும், மேலே மூடிய ஆற்றுவாழையை அள்ளிக் கரையில் போட்டு வெளிச்சம் விட்டாலே முளைத்து வரும். அள்ளும்போது கையால் அள்ள வேண்டும், அதற்கும் மருந்து அடிக்கக் கூடாது.